தஞ்சாவூர் டூ கோடியக்கரை: ஜீப் இருந்தால் உப்புப் பாலையில் இறங்கிவிடலாமா?

வெள்ளை வெளேர் தரை. அடிவானம் வரை ஒரு மரம் கிடையாது. நடுவில் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடும் ஒரு ஜீப். ரீல்ஸில் இப்படி ஒரு காட்சி வந்தால் ராஜஸ்தான் அல்லது குஜராத்தின் கட்ச் என்றுதான் பலருக்கும் தோன்றும். தஞ்சை பெரிய கோயிலில் இருந்து மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்திலும் அப்படி ஒரு தரை இருக்கிறது. நெல்லுக்குப் பேர்போன டெல்டாவில் பாலைவனமா என்று கேட்பவர்கள், வேதாரண்யம் தாண்டி ஏப்ரல், மே மாதத்தில் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

போகலாம், பார்க்கலாம். ஆனால் வண்டியோடு அந்தத் தரையில் இறங்கலாமா? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

அது என்ன இடம்?

அதன் பெயர் வேதாரண்யம் பெரிய சதுப்பு. கோடியக்கரையில் இருந்து முத்துப்பேட்டைப் பக்கம் வரை, பாக் நீரிணைக்கு இணையாக கிழக்கு மேற்காகச் சுமார் 48 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் காவிரியின் கடைசிக் கிளைகள் கொண்டுவரும் நன்னீரும், கடலில் இருந்து ஏறும் உப்புநீரும் இங்கே வந்து பரவி நிற்கும். அப்போது பார்த்தால் கணுக்கால் ஆழத்தில் ஒரு கடல் போல இருக்கும். மழை போய் வெயில் ஏற ஏறத் தண்ணீர் வற்றி, உப்பு மேலே படியும். கோடையில் கண்ணைக் கூசும் அந்த வெண்மை இந்த உப்புதான்.

சதுப்பின் ஒரு பகுதி உப்பளம். தமிழ்நாட்டு உப்பு உற்பத்தியில் தூத்துக்குடிக்கு அடுத்துப் பேசப்படும் ஊர் வேதாரண்யம். 2023 ஏப்ரல் 8-ம் தேதி தொடங்கிவைக்கப்பட்ட திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி அகல ரயில் பாதைக்கும் முக்கியக் காரணம் உப்பை ஏற்றி அனுப்புவதுதான்.

வழியில் என்ன பார்க்கலாம்?

தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், கோடியக்கரை. மொத்தம் சுமார் 110 கி.மீ. கடைசி 11 கி.மீ. வேதாரண்யத்தில் இருந்து கோடியக்கரைக்கு.

சும்மா ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது ஒரு சாதாரண டெல்டா சாலை. கொஞ்சம் மண்ணைக் கவனித்தால் கதையே வேறு. திருத்துறைப்பூண்டி வரை இரண்டு பக்கமும் வண்டல், வயல், வாய்க்கால். வாய்மேடு, தகட்டூர் தாண்டினால் தரை திடீரென மணலாக மாறும். தென்னை, மா, சவுக்கு, முல்லைத் தோட்டம், புகையிலைக் கொல்லை என்று பயிரும் மாறிவிடும். இந்த மணல் மேடுகள் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தவை. கடல் பின்வாங்கப் பின்வாங்க, ஒவ்வொரு கரையாக விட்டுச் சென்ற அடையாளங்கள். அதையும் தாண்டினால் உப்புத் தரை, பிறகு காடு, பிறகு கடல். ஒரே காலைப் பொழுதில் இத்தனை நிலம் மாறுவதைப் பார்க்க இந்தச் சாலையை விட்டால் டெல்டாவில் வேறு நல்ல வழி இல்லை.

இன்னொரு பழைய கணக்கும் இந்தச் சாலைக்கு உண்டு. 1930 ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியில் இருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட உப்பு சத்தியாகிரகப் படை தஞ்சாவூர், கும்பகோணம் சுற்றி, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நடந்தேதான் வேதாரண்யம் வந்தது. தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று அன்றைய தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தும் ஊர் மக்கள் அசரவில்லை. ஏப்ரல் 30-ம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய ராஜாஜி கைது செய்யப்பட்டார். அந்த இடத்தில் இப்போது நினைவுத் தூண் இருக்கிறது. கோடியக்கரை போகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

அறுவடைக் காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிராமச் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்பதால் விவசாயிக்கு அந்தத் தார்ச் சாலைதான் களம். பெரிய டயர் இருக்கிறதென்று அதன் மேல் ஏற்றிவிட்டுப் போகாதீர்கள்.

ஃபோர் வீல் டிரைவ் தேவையா?

கோடியக்கரை வரை தேவையே இல்லை. முழுக்கத் தார்ச் சாலை. பஸ் போகிறது, சாதாரண காரும் போகும்.

இதில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஜீப் மாதிரி இருப்பதெல்லாம் ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. மஹிந்திரா தார் வண்டியில் 2023 முதல் பின்சக்கரத்துக்கு மட்டும் இழுவை வரும் மாடலும் விற்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. வாடகைக்கு எடுப்பவர்கள் கியர் லீவர் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு லீவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வண்டியில் 'ஹை', 'லோ' என்று இரண்டு நிலை உண்டு. ஈரமான மண் சாலை, லேசான மணல் என்றால் ஹை. ஆழமான மணல், செங்குத்து ஏற்றம் என்றால் லோ. மணலில் ஓட்டுபவர்கள் டயர் காற்றையும் 15 - 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குவார்கள். காற்று குறைந்தால் டயர் அகலமாகப் படியும், எடை பரவும், வண்டி புதையாது. திரும்பத் தார்ச் சாலை ஏறும்முன் காற்றை நிரப்பியாக வேண்டும். இந்த வித்தையெல்லாம் மணலுக்குச் சரி. உப்புச் சதுப்பு மணல் அல்ல.

இறங்கினால் என்ன ஆகும்?

மேலே காய்ந்த உப்பும் மண்ணும் சேர்ந்து அப்பளம் மாதிரி ஒரு ஓடு. அதற்குக் கீழே உப்புநீரில் ஊறிய களிச்சேறு. மனிதன் நடந்தால் ஓடு தாங்கும். அதனால்தான் ஏமாற்றம் வருகிறது. இறங்கி நடந்து, குதித்துப் பார்த்து, 'கெட்டியாத்தான் இருக்கு' என்று வண்டியை விடுவார்கள். ஒன்றரை டன்னுக்கு மேல் எடை உள்ள வண்டிக்கு அந்த ஓடு தாங்காது.

ஓடு உடைந்ததும் சக்கரம் சேற்றில் இறங்கும். பதறி ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் சுற்றிச் சுற்றித் தனக்கே குழி தோண்டும். வண்டியின் அடிப்பாகம் தரையில் உட்கார்ந்துவிட்டால் நான்கு சக்கரம் சுற்றினாலும் ஒன்றுதான், நாற்பது சுற்றினாலும் ஒன்றுதான். வின்ச் கயிற்றைக் கட்டி இழுக்க மரம் வேண்டுமே? கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றும் இருக்காது. இழுக்க வரும் டிராக்டரும் அதே சேற்றில்தான் இறங்க வேண்டும். நிலம் முழுக்கத் தட்டை என்பதால், காற்று கடல்நீரைக் கொஞ்சம் தள்ளினாலே அந்த நீர் வெகுதூரம் பரவி வரும்.

இந்தச் சேறு தமிழ் வாசகர்களுக்குப் புதிது இல்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத் தொடக்கத்தில் வந்தியத்தேவன் சிக்கித் தவிப்பது கோடிக்கரைச் சேற்றில்தான். குதிரையில் ஊர் ஊராகச் சுற்றிய வீரனைக் காப்பாற்ற, இடம் தெரிந்த பூங்குழலி வர வேண்டியிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிமான்களைக் காக்க 1967-ல் கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-ல் 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வெறும் பொட்டல் என்று தோன்றும் தரையில் பெரும்பகுதி இதற்குள் வந்துவிடுகிறது. மீதியில் பெரும்பாலானவை உப்பளங்கள். அங்கே ஒரு வரப்பு உடைந்தால் பாத்தி உப்பு போச்சு.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 27-வது பிரிவுப்படி அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. வாழிடத்தைச் சிதைப்பதை 29-வது பிரிவு தடுக்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீடியோ போட்டவர் தானே சாட்சியும் கொடுத்துவிடுகிறார் என்பது வேறு விஷயம்.

'காலி இடம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?' என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. உப்புக்கொத்தி, ஆலா போன்ற பறவைகள் கூடே கட்டாமல் வெறுந்தரையில்தான் முட்டையிடும். முட்டையும் மண் நிறம். அதுவும் கோடையில், அதாவது ஜீப்புக்குத் தரை 'ரெடி'யாக இருப்பதாகத் தோன்றும் அதே மாதங்களில். டயர் ஏறியது ஓட்டுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. கடற்கரை மணலிலும் இதே கதைதான். ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. பொரிப்பகம் அமைத்து வனத்துறை முட்டைகளைக் காக்கும் இடத்தில் வண்டி ஓட்டுவது எப்படிச் சரியாகும்?

தனுஷ்கோடியில் மட்டும் ஓடினார்களே?

ஓடினார்கள். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்த பிறகு, 2017 ஜூலையில் அரிச்சல்முனை சாலை திறக்கப்படும் வரை தனுஷ்கோடிக்குப் போக ஃபோர் வீல் டிரைவ் வேன்களும் ஜீப்புகளும்தான் வழி. அது மணல் திட்டு. தினமும் அதே தடத்தில் ஓட்டிப் பழகிய உள்ளூர் டிரைவர்கள். வேறு சாலையும் இல்லை. கோடியக்கரைக்கு இந்த மூன்றில் ஒன்றும் பொருந்தாது.

ஆற்றங்கரை மண் சாலைகள்?

டெல்டாவில் ஃபோர் வீல் டிரைவுக்கு உண்மையில் வேலை வைக்கும் வழி இதுதான். வெண்ணாறு, கோரையாறு, அரிச்சந்திரா நதி, கல்லணைக் கால்வாய் என்று எல்லாவற்றின் கரையிலும் மண் தடம் ஓடுகிறது. கோடையில் காய்ந்த கரையில் மெதுவாகப் போவது அழகான பயணம். இவை நீர்வளத்துறையின் கரைகள் என்பதால், எந்தத் தடத்தில் வண்டி போகலாம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேட்டூரில் தண்ணீர் திறந்து, மழையும் சேர்ந்த பிறகு கரையில் வண்டியை ஏற்றாமல் இருப்பதே மேல். வண்டி சறுக்கி ஆற்றுக்குள் போகும் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரியது, ஈரக் கரையில் டயர் போடும் பள்ளம். அதில் தண்ணீர் தேங்கி, கரை இளகி, வெள்ளத்தில் உடைப்பு எடுத்தால் மூழ்குவது யாரோ ஒருவரின் சம்பா.

அப்படியென்றால் எப்படிப் போவது?

பறவை பார்க்க வேண்டும் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பூநாரைகள் வரும் காலம். வெண்மையான உப்புத் தரை வேண்டும் என்றால் கோடை. சாலையோரம் நின்று பார்த்தாலே போதும், கேமராவுக்கு அங்கிருந்தே எல்லாம் கிடைக்கும். வேதாரண்யத்திலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ளுங்கள். வனத்துறை அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, அவர்கள் அனுமதிக்கும் பாதையில் மட்டும் உள்ளே போகலாம். வெளிமான், புள்ளிமான், காட்டுக்குதிரை எல்லாம் சாலையைக் கடக்கும், வேகம் வேண்டாம். இலங்கை பக்கத்தில் என்பதால் போலீசார் நிறுத்தி விசாரிக்கலாம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்தப் பகுதியில் கரையேறியபோது சாய்ந்த மரங்களும் மின்கம்பங்களும் சாலைகளை அடைத்தன. கோடியக்கரைக்கு உள்ளே போகவும் வெளியே வரவும் இருப்பது ஒரே சாலை.

திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், உப்புக்காற்று இரும்பை விடாது. இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் சதுப்பின் மேற்கு முனையான முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் பார்த்துவிடலாம். அங்கே எந்த வண்டியும் போகாது. வனத்துறையிடம் அனுமதி வாங்கி, ஜாம்புவானோடையில் படகு ஏற வேண்டும்.