க்ரூஸ் கண்ட்ரோலைக் கண்டுபிடித்தவருக்குக் கண் தெரியாது



பழைய காரில் க்ரூஸ் கண்ட்ரோல் பொருத்த முடியுமா என்று நம் பிள்ளைகளில் ஒருவர் கேட்டிருந்தார். முடியும். ஆனால் வாத்தியாரிடம் கேட்டால் வரலாற்றிலிருந்துதான் ஆரம்பிப்பார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ரால்ஃப் டீட்டர் 1890 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஐந்து வயதில், திறக்க வராத இழுப்பறை ஒன்றைக் கத்தியால் நெம்பியிருக்கிறார். கத்தி வழுக்கி ஒரு கண்ணில் பாய்ந்தது. ஒரு கண்ணில் ஆழமாகக் காயம் பட்டால் நல்ல கண்ணும் சேர்ந்து கெட்டுப்போவது உண்டு. அப்படியே நடந்தது. ஓராண்டுக்குள் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது.

பெற்றோர் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருந்தது. ரயில் தண்டவாளத்தைச் சோதித்துக்கொண்டே போவதற்கான சிறு வண்டிகளை அங்கே செய்தார்கள். பையன் அங்கேயே வளர்ந்தான். இரும்பைத் தடவியே அளவு சொல்லக் கற்றான். 12 வயதில் ஒரு காரையே கட்டிவிட்டான்! வகுப்பில் 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்திய எனக்கு, அந்தப் பெற்றோர் மேல்தான் முதலில் மரியாதை வருகிறது.

1912இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். முதல் உலகப் போர்க் காலத்தில், கப்பல் கட்டும் தளம் ஒன்றில், போர்க்கப்பலின் நீராவி டர்பைன் சுழலும்போது ஆட்டம் இல்லாமல் சமன் செய்யும் முறையை உருவாக்கினார். கண் இருப்பவர்கள் திணறிய வேலை அது. அதிர்வைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் உணர்வது சுலபம் என்பது அவருக்குச் சாதகமாக இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். 1936இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் தலைவரானார். குடும்பத்தின் பட்டறையும் பிஸ்டன் ரிங் செய்யும் பெரிய கம்பெனியாக வளர்ந்தது. பெயர் பெர்ஃபெக்ட் சர்க்கிள்.

இனிதான் நம் விஷயம். டீட்டரின் வக்கீல் ஹாரி லிண்ட்சே. அவர் காரில் டீட்டர் போகும்போதெல்லாம் ஒரு தொல்லை. லிண்ட்சே பேசும்போது வண்டி மெதுவாகும், மற்றவர் பேச்சைக் கேட்கும்போது வேகம் எடுக்கும். ஓட்டுகிறவருக்கே அது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பார்வையில்லாதவருக்கு ஒவ்வொரு குலுக்கலும் உடம்பில் தெரிந்தது. அதே காலத்தில், இரண்டாம் உலகப் போரின்போது, டயர் ரப்பரையும் பெட்ரோலையும் மிச்சம் பிடிக்க அமெரிக்க அரசு மணிக்கு 35 மைல், அதாவது சுமார் 56 கி.மீ. என்று வேகக் கட்டுப்பாடு வைத்திருந்தது. எல்லா வண்டியும் ஒரே சீராகப் போனால் விபத்து குறையும் என்ற எண்ணமும் டீட்டருக்கு உண்டு. ஆக, காலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக அவர் இதை யோசிக்கவில்லை. காலை அடக்குவதற்காக யோசித்தார். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவியின் அடிப்படை பழையது. திருவிழா ராட்டினத்தில் சங்கிலியில் தொங்கும் நாற்காலி, வேகம் கூடக்கூட வெளியே விரிந்து போகும் அல்லவா? ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எஞ்சினில் வைத்த கவர்னர் அதே தத்துவம்தான். டீட்டர் சிறு எடைகளைக் கார் வேகத்துக்கு ஏற்றபடி சுழலவிட்டார். எதிரே ஒரு ஸ்பிரிங். டாஷ்போர்டில் நாம் வைக்கும் வேகத்தைப் பொறுத்து ஸ்பிரிங்கின் இறுக்கம் மாறும். வண்டி அந்த வேகத்தைத் தொட்டதும் ஆக்சிலரேட்டர் பெடல் காலை எதிர்த்துத் தள்ளும். அவ்வளவுதான். காலை எடுத்தால் வண்டி வேகம் குறையும். 1950 ஆகஸ்ட் 22இல் கிடைத்த காப்புரிமையின் தலைப்பே, ஆக்சிலரேட்டரை எதிர்க்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்ற பொருளில்தான் இருக்கிறது.

வேகத்தைப் பூட்டிவிட்டுக் காலை எடுக்கும் வசதி அதன் பிறகு சேர்ந்தது. 1958 மாடல் கிரைஸ்லர் கார்களில் இது விற்பனைக்கு வந்தபோது வைத்த பெயர் ஆட்டோ பைலட். மோசமான பெயர். வண்டி தானே ஓடும் என்று நினைக்க வைக்கும் பெயர். கேடிலாக் வைத்த க்ரூஸ் கண்ட்ரோல் என்ற பெயர்தான் கடைசியில் நிலைத்தது, நல்லவேளை. டீட்டர் வைத்த ஸ்பீடோஸ்டாட் இன்று யாருக்கும் நினைவில்லை.

பத்துப் பதினைந்து ஆண்டுகள் இது பணக்காரர் வண்டிச் சமாச்சாரமாகவே இருந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1974 ஜனவரியில் நிக்சன் 55 மைல் வரம்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நீண்ட, ஆளில்லாத சாலையில் அந்த வேகத்திலேயே காலை வைத்திருப்பது கஷ்டம், மீறினால் அபராதம். எல்லாருக்கும் கருவி வேண்டியதாயிற்று. பழைய வண்டியில் மாட்டிக்கொள்ளும் செட்டுகளும் விற்றன. டீட்டர் இதையெல்லாம் பார்த்துவிட்டு 1982இல் 91ஆம் வயதில் காலமானார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். கருவிக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: வண்டி என்ன வேகத்தில் போகிறது, த்ராட்டிலை எப்படி இழுப்பது, எப்போது விடுவது. பழைய வண்டியில் முதலாவதற்கு ஸ்பீடோமீட்டர் கேபிளிலோ, ப்ரொபெல்லர் ஷாஃப்டில் காந்தம் ஒட்டியோ வேகத்தை எடுப்பார்கள். இரண்டாவதற்குப் பெட்ரோல் எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள வெற்றிடமே போதும், ஒரு ரப்பர் டயஃப்ரத்தை இழுத்து அது கேபிளை இழுக்கும். பழைய டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் கிடைக்காது. பிரேக்குக்காக வைத்திருக்கும் வேக்குவம் பம்பிலிருந்து எடுக்க வேண்டும், அல்லது மோட்டாரால் இழுக்கும் வகையை வாங்க வேண்டும்.

மூன்றாவதுதான் உயிர். பிரேக் பெடலைத் தொட்டதும் பிடி விட வேண்டும். கியர் வண்டியில் க்ளட்சுக்கும் ஒரு சுவிட்ச் கட்டாயம். இல்லாவிட்டால் க்ளட்சை மிதித்த நொடியில் பாரம் இல்லாத எஞ்சின் கத்திக்கொண்டு ஏறும். நல்ல செட்டில் மின்சார சுவிட்சோடு, பெடலை மிதித்ததும் காற்றை உள்ளே விட்டு வெற்றிடத்தைக் கலைக்கும் வால்வும் தனியாக இருக்கும். ஒன்று பழுதானாலும் இன்னொன்று காப்பாற்றும். ஒரு வேடிக்கை கேளுங்கள். பல செட்டுகள் பின்பக்க பிரேக் பல்பின் இழை வழியாகத்தான் தங்கள் மின்சுற்றை முடிக்கின்றன. பல்பு போய்விட்டால் க்ரூஸ் வேலை செய்யாது. பழைய பல்புக்குப் பதில் எல்இடி மாட்டினாலும் சில வண்டிகளில் செய்யாது. கருவி கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

காசு மிச்சம் என்று அந்த வால்வையோ க்ளட்ச் சுவிட்சையோ விட்டுவிட்டு மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மாட்டி முடித்ததும் காலியான சாலையில் 60இல் பூட்டி, பிரேக்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள். மறுபடி பூட்டி, க்ளட்சைத் தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் உடனே பிடி விட வேண்டும். ஒரு தடவை தாமதித்தாலும் அன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். மழை ஈரத்தில் போடவே வேண்டாம். டயர் வழுக்கும்போது வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று பழைய செட்டுக்குத் தெரியாது.