தொழிற்சாலைகள் காத்த கணனி மரபு

தொழினுட்ப வரலாறு பெரும்பாலும் புத்தாக்கங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எது முதலிலே தோன்றியது, எவர் அதனைத் தோற்றுவித்தார் என்பன ஆராயப்படுமளவிற்கு, வழக்கொழிந்த ஒன்று எங்கே, எக்காரணத்தால் எஞ்சி நின்றது என்பது ஆராயப்படுவதில்லை. இக்குறையை உணர்த்தும் எடுத்துக்காட்டொன்று கணனித் துறையில் உண்டு. 1980களின் மென்பொருள்களை அவற்றுக்குரிய வன்பொருளிலேயே இயக்க விரும்பும் ஆர்வலர்கள், கைத்தொழிற் பயன்பாட்டுக்கென ஆக்கப்பட்ட ஒற்றைப் பலகைகளைக் கொண்டு, உள்ளங்கையில் அடங்கும் கணனிகளை அமைத்து வருகின்றனர். அவற்றில் விசிறி இல்லை. சுழலும் வட்டு இல்லை. ஆகவே ஓசையும் இல்லை. பழமையைப் பேணும் நோக்கமின்றி ஆக்கப்பட்ட பலகைகள் பழமையின் காப்பகங்களாக மாறியது எவ்வாறு என்பதே இங்கு எழும் வினாவாகும்.

நுண்செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டுச் சுற்றுக்கள் யாவற்றையும் ஒரே பலகையில் அமைக்கும் முறை 1976இல் வேரூன்றியது எனலாம். அவ்வாண்டிலே மொஸ் ரெக்னோலஜி நிறுவனம் 6502 நுண்செயலியைக் கொண்ட கிம்-1 பலகையை 245 டொலருக்கு விற்றது. இன்ரெல் நிறுவனம் எஸ்.பி.சி. 80/10 என்னும் பலகையை வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே. ஆயினும், ஒன்றுக்கென எழுதிய நிரல் மற்றொன்றில் இயங்கவில்லை. அனைவர்க்கும் பொதுவான அமைப்பு வேறொரு திசையிலிருந்து வந்தது.

1981 ஓகஸ்ட் 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாட் கணனியை அறிவித்தது. 4.77 மெகாஹேர்ட்ஸ் வேகமுடைய இன்ரெல் 8088 நுண்செயலியைக் கொண்ட அக்கணனி, பெரும்பாலும் பிற நிறுவனங்களின் உறுப்புக்களால் ஆக்கப்பட்டிருந்தது. அதனிலும் முக்கியமானது, சுற்றுப் படங்களையும் அடிப்படை நிரலின் வரிகளையும் கொண்ட கைந்நூலை அந்நிறுவனம் வெளியிட்டமையாகும். நிரலுக்குப் பதிப்புரிமை இருந்தமையால் கொம்பாக் முதலிய நிறுவனங்கள் அதற்கு நிகரானதைத் தாமே எழுதி ஒத்தியங்கு கணனிகளை ஆக்கின. 1984இல் 16 பிற் அளவிற்கு விரிவுற்ற அதன் இணைப்பு முறை, பின்னர் ஐ.எஸ்.ஏ. எனப் பெயர் பெற்றது. 1987இல் ஐ.பி.எம். உரிமக் கட்டுப்பாடுகளுடன் புகுத்திய மைக்றோ சனல் முறை சந்தையில் நிலைபெறவில்லை. எவரும் பின்பற்றக்கூடியதாயிருந்த பழைய முறையே நிலைத்தது.

ஆனால், அலுவலகத்தின் காலக்கணக்கு வேறு. தொழிற்சாலையின் காலக்கணக்கு வேறு. அலுவலகக் கணனி சில ஆண்டுகளில் மாற்றப்படுவது. தொழிற்சாலை இயந்திரமோ பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியது. 2000ஆம் ஆண்டையொட்டி மேசைக் கணனிகளிலிருந்து ஐ.எஸ்.ஏ. இணைப்பு மறையலாயிற்று. எனினும், அதற்கென ஆக்கிய கட்டுப்பாட்டு அட்டைகளையும் நிரல்களையும் தொழிற்சாலைகள் எளிதிற் கைவிட இயலவில்லை. இன்ரெல் நிறுவனம் 1985இல் அறிமுகப்படுத்திய 386 நுண்செயலியின் உற்பத்தியை 2007இலேயே நிறுத்தியமை இத்தேவையின் வலிமையைக் காட்டும்.

இத்தேவைக்கு அமைந்த வடிவங்களுள் பி.சி./104 தலையாயது. அம்ப்றோ நிறுவனம் 1987இல் உருவாக்கிய இம்முறை, 1992இல் ஒரு கூட்டமைப்பின் பொது நியமமாயிற்று. ஐ.எஸ்.ஏ. சமிக்ஞைகளை 104 ஊசிகளிற் கொண்ட பலகையொன்றின் அளவு 90 மில்லிமீற்றருக்கு 96 மில்லிமீற்றர் மட்டுமே. அட்டைகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படுவதாலும், ஊசிகள் இறுகப் பற்றுவதாலும் அதிர்விலும் இணைப்பு நழுவுவதில்லை. சமிக்ஞைகளுக்கான மின்னோட்டமும் குறைக்கப்பட்டது. மின்னுகர்வு குறைய வெப்பம் குறையும். வெப்பம் குறைய விசிறி வேண்டாததாகும். தூசியை உள்ளிழுப்பதும் விரைவிற் பழுதுறுவதும் விசிறியாதலால் அதனை நீக்குதல் தொழிற்சாலைக்கு இன்றியமையாததாயிற்று. 1994இல் வெளிவந்த கொம்பாக்ற் பிளாஷ் அட்டை வன்தட்டுப்போலவே தன்னைக் காட்டிக்கொள்ள வல்லதாதலால், சுழலும் வட்டும் நீங்கியது. இன்று ஆர்வலர் விரும்பும் அமைதி, நம்பகத்தன்மையை நாடியவர்களின் துணைப்பேறேயாகும்.

எனினும், பழைமை முழுவதும் இப்பலகைகளில் அப்படியே கிடைத்துவிடுவதில்லை. முதலாவது இடர் ஒலி. கைத்தொழிற் பலகைகள் பலவற்றில் ஒலிச்சுற்று இல்லை. 1987இல் கனடாவில் தோன்றிய அட்லிப் அட்டையும், 1989இல் சிங்கப்பூரின் கிரியேற்றிவ் நிறுவனம் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்ரர் அட்டையும் யமகாவின் வை.எம். 3812 சில்லைக் கொண்டிருந்தன. அக்கால நிரல்கள் அதனைக் குறித்த முகவரியில் நேரடியாக அணுகின. ஆகவே, ஐ.எஸ்.ஏ. சமிக்ஞைகளைத் தாங்கிய பலகையே அவற்றுக்கு ஏற்றது. இரண்டாவது இடர் வேகம். ரேபோ பஸ்கால் மொழியில் ஆக்கிய நிரல்கள் பல, ஏறத்தாழ 200 மெகாஹேர்ட்ஸைக் கடந்த நுண்செயலிகளில் தொடக்கத்திலேயே வழுவுற்று நின்றன. இயந்திர வேகத்தை அளக்கும் கணிப்பின் விடை, அதற்கென ஒதுக்கிய இடத்திற் கொள்ளாமையே காரணம். பதுக்கு நினைவகத்தை முடக்கி இயந்திரத்தை மெதுவாக்குவது ஆர்வலர் கையாளும் உபாயங்களுள் ஒன்று.

பழைய கணனியைப் புதிய கணனிக்குள் மென்பொருளாலேயே போலச்செய்யும் டொஸ்பொக்ஸ் போன்றவை இருக்க, இம்முயற்சி எதற்கு என வினவலாம். விளையாட்டுக்கும் வாசிப்புக்கும் அவை பெரும்பாலும் போதுமென்பது உண்மையே. ஆனால், பழைய ஆய்வுகூடக் கருவியொன்றின் அட்டையைச் செருகிப் பதிவுகளை மீட்க வேண்டின் மெய்யான இணைப்பே வேண்டும். ஏட்டுச்சுவடியை வாசிக்கப் பயின்ற கண்கள் போதும்; கணனி ஆவணத்திற்கோ அதனை வாசிக்கும் இயந்திரமும் எஞ்சியிருத்தல் வேண்டும். வரலாற்று மாணவர் மனங்கொள்ள வேண்டிய வேறுபாடு இது.

இப்புகலிடமும் நிரந்தரமானதன்று. 2008இல் வெளிவந்த பி.சி.ஐ.ஈ./104 நியமத்தில் ஐ.எஸ்.ஏ. ஊசிகள் இல்லை. பழைய பலகைகளில் மின்கலங்கள் கசிந்து செப்புத் தடங்களை அரிக்கின்றன. பொருள் அழியினும் மீள ஆக்குவதற்கு வழிவகுப்பது அதன் அமைப்பைக் கூறும் ஆவணமே. கைந்நூல் வெளியிடப்பட்டிராவிடின் ஒத்தியங்கு கணனிகளின் பெருக்கம் எளிதில் நிகழ்ந்திராது. அப்பெருக்கமின்றித் தொழிற்சாலைகள் அம்முறையை நம்பியிருக்கவும் மாட்டா. தொழிற்சாலையின் பிடிவாதம் இம்மரபின் ஆயுளை நீட்டியது. அதற்கு வாழ்வளித்ததோ பலரறிய வைக்கப்பட்ட அறிவேயாகும். எனவே, இயந்திரங்களைப் பேண முனைவோர் அவற்றின் கைந்நூல்களையும் சுற்றுப் படங்களையும் முதற்கண் பேணுதல் வேண்டும்.