படகுக்கேற்ற உந்துவிசிறி: தேர்வின் வரலாறு

இங்கிலாந்தைச் சேர்ந்த விவசாயியான பிரான்சிஸ் பெட்டிட் சுமித் 1836 ஆம் ஆண்டில் திருகு வடிவ உந்துவிசிறிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய சோதனைப் படகில் இரண்டு முழுச் சுற்றுகள் கொண்ட மரத் திருகு பொருத்தப்பட்டிருந்தது. 1837 இல் பாடிங்டன் கால்வாயில் ஓடியபோது அத்திருகின் பாதி உடைந்து போனது. படகு நின்றுவிடவில்லை; முன்னைவிட வேகமாக ஓடியது! திருகு நீண்டால் உந்தலும் கூடும் என்ற எண்ணம் அத்துடன் தகர்ந்தது.

நம்பத்தக்க கணக்கீட்டு முறைகள் இல்லாத காலம் அது. பொருத்திப் பார்ப்பதே வழி. பிரித்தானியக் கடற்படை 1843 முதல் ராட்லர் என்னும் கப்பலில் பல வகை விசிறிகளை மாற்றி மாற்றிப் பொருத்திச் சோதித்தது. 1845 ஏப்ரலில் ராட்லரையும் துடுப்புச் சக்கரக் கப்பலான அலெக்டோவையும் பின்புறமாகக் கட்டி இழுக்கவிட்டபோது அலெக்டோ பின்னோக்கி இழுபட்டது. புகழ்பெற்றது இந்தக் கயிறிழுப்புதான். ஆனால் அது பெரும்பாலும் வேடிக்கைக் காட்சியே. விசிறியின் தகுதியை நிலைநாட்டியவை அதற்கு முந்தைய சலிப்பூட்டும் சோதனைகள்.

1909 இல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் உருவாக்கிய, படகின் பின்பலகையில் மாட்டும் இயந்திரம் பரவியபின், இந்தத் தேர்வு சிறுபடகுக்காரர்களின் கைக்கும் வந்தது. விட்டத்தோடு புரியிடைத் தூரமும் இங்கு முக்கியம். நீரில் வழுக்கல் இல்லையென்றால் விசிறி ஒரு சுற்றில் முன்னேறும் தொலைவே புரியிடைத் தூரம். வலையும் மீனும் ஏற்றிய படகுக்கு இது குறைவாக இருக்க வேண்டும். கூடினால் இயந்திரம் முழு முடுக்கத்திலும் உரிய சுற்றுவேகத்தை எட்டாமல் திணறும்; மிகவும் குறைந்தால் அளவுமீறிச் சுழன்று தேயும்.