எஸ்.பி.எம். முடித்த தோட்டப் பிள்ளைகளுக்குச் சமூகக் கல்லூரி வழி

கேமரன்மலைத் தேயிலைத் தோட்டங்களில் படிவம் 5 முடித்த பிள்ளைகள், தேர்வு முடிவு வரும்வரை காய்கறிப் பண்ணைக்கோ தங்கும் விடுதிக்கோ வேலைக்குப் போவது வழக்கம். கையில் சம்பளம் வந்தபின் படிப்புக்குத் திரும்புவது கடினம். ‘ஏ’க்கள் குவிக்காதவர்களுக்கு இனி வழியில்லை என்று பெற்றோர் எண்ணிவிடுவதும் ஒரு காரணம். அந்த எண்ணம் தவறு.

மலேசியாவில் சமூகக் கல்லூரிகள் 2001இல் தொடங்கப்பட்டன. உயர்கல்வி அமைச்சின் கீழ் இயங்கும் இவை எஸ்.பி.எம். முடித்தவர்களுக்குத் தொழில்திறன் சான்றிதழ் படிப்புகளை நடத்துகின்றன. மின்சாரம், வாகனப் பழுதுபார்ப்பு, கணினி, பேஸ்ட்ரி, ஹோட்டல் நடவடிக்கை எனத் துறைகள் பல. தொழிலிடப் பயிற்சியும் படிப்பில் அடங்கும்.

படிகளின் வரிசையைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் சான்றிதழ் 3ஆம் நிலை, டிப்ளோமா 4ஆம் நிலை, இளங்கலைப் பட்டம் 6ஆம் நிலை. சான்றிதழை முடித்தவர் பாலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதை முடித்தால் பகாங்கின் யு.எம்.பி.எஸ்.ஏ. உட்பட நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுக்கு முயலலாம். சேரும்போதே அடுத்த படிக்கு எந்தச் சராசரிப் புள்ளி வேண்டும் என்று விரிவுரையாளரிடம் கேட்டு வைப்பது நல்லது. கடைசிப் பருவத்தில் கேட்டால் காலம் கடந்திருக்கும்.

விண்ணப்பம் யு.பி.யு. இணையத்தளம் வழியாகச் செல்கிறது. சொந்த மாநிலத்தில்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. குவாந்தான் பகாங்கில் இருந்தாலும் கேமரன்மலைக்கு வெகுதூரம். சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கினால் ஈப்போ அதைவிட அருகில். நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார், 1969இல் தொடங்கப்பட்டது, அங்குதான் உள்ளது. விடுதி வசதி எல்லாச் சமூகக் கல்லூரிகளிலும் கிடையாது. வாடகை, சாப்பாடு, பேருந்துச் செலவு ஆகியவையே தோட்டக் குடும்பத்தைத் தடுமாற வைப்பவை. கல்விக் கட்டணத்தை விட இவற்றை முதலில் கணக்கிட வேண்டும்.

டிப்ளோமாவுக்குப் பி.டி.பி.டி.என். கடன் உண்டு. ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம், விண்ணப்பிக்க எஸ்.எஸ்.பி.என். கணக்கு திறந்திருக்க வேண்டும். ம.இ.கா.வின் எம்.ஐ.இ.டி. கல்வி நிதியும் கடன் வழங்குகிறது.

தேசிய மொழியிலோ வரலாற்றிலோ தவறியவர்களுக்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. 2013 முதல் இரண்டிலும் தேர்ச்சி கட்டாயம். ஆனால் அந்தப் பாடங்களை மட்டும் மறுதேர்வாக எழுதலாம். ஒரு பாடத்துக்காகப் பிள்ளையைப் பண்ணையிலேயே விட்டுவிடுவது பெரிய இழப்பு.

சில ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு ஏப்பெல் என்ற வழி இருக்கிறது. வேலை அனுபவத்தை மதிப்பிட்டுப் படிப்பில் சேர்க்கும் இந்த ஏற்பாட்டில், சான்றிதழ் நிலைக்குக் குறைந்தது 19 வயதும் டிப்ளோமாவுக்கு 20 வயதும் ஆகியிருக்க வேண்டும். ஹோட்டல் சமையலறையில் உழைத்த காலம் வீணாகாது. முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு, பயிற்சிச் சான்று அனைத்தையும் பத்திரப்படுத்த வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் நிற்பது அடையாள அட்டை. சமூகக் கல்லூரியின் முழுநேரப் படிப்பு குடிமக்களுக்கானது. சிவப்பு அட்டையோடு இருக்கும் பிள்ளை எவ்வளவு நன்றாகப் படித்தாலும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே நின்றுவிடும். பிறப்புப் பத்திரத்திலோ பெற்றோர் திருமணப் பதிவிலோ குறை இருந்தால், படிவம் 3க்கு முன்பே தேசியப் பதிவு இலாகாவை அணுக வேண்டும். குடியுரிமை விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.