கோமாளி மீனும் அதன் குஞ்சுகளும்



கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு மாலை என் இல்லத்துக்கு வந்தார். அவர் முகம் வாடியிருந்தது. “ஐயா, என் கண்ணாடித் தொட்டியில் கோமாளி மீன் மூன்று முறை குஞ்சு பொரித்தது. மூன்று முறையும் நான்கு நாளுக்குள் எல்லாம் இறந்துவிட்டன. பெரிய மீன்கள் இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன?” என்று வினவினார். “தம்பி, இந்த வினாவுக்கு விடை காண உலகத்துக்கே நூறாண்டுக்கு மேல் ஆயிற்று” என்றேன். அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

கோமாளி மீன் வெப்பக் கடல்களின் பவளப் பாறைகளில் வாழ்வது. பிற மீன்களைக் கொட்டிக் கொல்லும் கடற்சாமந்தியின் கரங்களுக்கிடையே அஞ்சாது குடியிருப்பது. இவ்விந்தையைச் சீனக் கடலில் பயணம் செய்த கல்லிங்வுட் என்னும் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் 1868இல் எழுதி உலகறியச் செய்தார்.

கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துக் காணும் வழக்கமும் அக்காலத்தில்தான் பரவியது. இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் 1853இல் மீனில்லம் திறக்கப்பெற்றது. நம் சென்னைக் கடற்கரையில் 1909இல் ஒரு மீன்காட்சியகம் எழுந்தது. அது இன்று இல்லை. இத்தகைய காட்சியகங்களில் கடல்மீன்கள் பெரும்பாலும் கடலிலிருந்தே பிடித்து வரப்பட்டன. ஒன்று இறந்தால் மற்றொன்றைக் கடலே தரவேண்டியிருந்தது.

தொட்டியில் கோமாளி மீன் முட்டையிடாமலில்லை. கடற்சாமந்தியின் அருகே உள்ள கல்லைத் தூய்மை செய்து நூற்றுக்கணக்கான முட்டைகளை அது ஒட்டவைக்கும். தந்தைமீன் துடுப்பால் நீரை விசிறி அவற்றைக் காக்கும். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, இருள் சூழ்ந்த பின் குஞ்சுகள் வெளிவரும். அவை மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமே உடையவை. வாயோ மிகச் சிறியது. வாய்க்கு ஏற்ற உயிருணவு உடனே கிட்டாவிடில் அவை மடியும். என் மாணவரின் தொட்டியில் நிகழ்ந்தது இதுவே.

உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறாலின் குஞ்சுகளை மீன்குஞ்சுகளுக்கு ஊட்டலாம் என்பதை 1930களில் அமெரிக்காவிலும் நார்வேயிலும் கண்டனர். ஆனால் அதுவும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவுடையது. பிறந்த நாளிலேயே உண்பதற்குப் பெரிது.

விடை வந்த இடம் வியப்பானது. ஜப்பானில் விலாங்கு வளர்த்தோர், தங்கள் குளங்களில் ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர் திடீரெனப் பெருகி நீரைக் கெடுப்பதாக நொந்துகொண்டிருந்தனர். அந்தப் பகையைக் கடல்நீரில் வளர்த்து மீன்குஞ்சுகளுக்கு உணவாக்கலாம் என்பதை 1960இல் தகாஷி இட்டோ என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். நேற்றுத் தீமை எனப்பட்டது இன்று தாய்ப்பாலுக்கு நிகராயிற்று! பசும் நுண்பாசியை ரோட்டிஃபர் உண்ணும். ரோட்டிஃபரைக் குஞ்சு உண்ணும். இச்சங்கிலி கைவந்தபின், 1970களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மார்ட்டின் மோ என்பவர் கோமாளி மீன்களை விற்பனைக்கே வளர்த்தார். பின்னர் நம் நாட்டில், 1947இல் தோன்றிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் இக்கலையில் வெற்றி கண்டனர்.

இது பொழுதுபோக்கு மட்டுமன்று. கோமாளி மீன் குடும்பத்தில் மிகப் பெரியதே பெண். அதை அகற்றினால் அதன் துணையான ஆண்மீனே பெண்ணாக மாறும் என்பதை 1977இல் ஃபிரிக்கே என்னும் ஆய்வாளர் இருவர் வெளியிட்டனர். அம்மாற்றம் முடிந்து புதிய இணை அமையும்வரை அக்குடும்பத்தில் முட்டையில்லை. ஆகவே கடலில் ஒரு மீனைப் பிடிப்பது ஒரு குடும்பத்தையே குலைப்பதாகும். தொட்டியில் பிறந்த மீனோ கடலுக்குக் கடன் வைப்பதில்லை.

இவற்றைக் கேட்ட என் மாணவர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு வாளியில் ரோட்டிஃபர் வளர்க்கத் தொடங்கினார். குஞ்சு பொரிக்கும் இரவில் விளக்குகளை அணைத்து, தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் சிறு ஒளி காட்டினார். ஒளியை நாடித் திரண்ட குஞ்சுகளை வலையால் தொடாமல், நீரோடு சேர்த்துக் குவளையால் முகந்து தனித்தொட்டியில் விட்டார். வலை பட்டால் அம்மெல்லுடல் சிதையும். முதலில் ரோட்டிஃபர், சில நாள் கழித்து ஆர்ட்டீமியா என ஊட்டினார்.

இரு வாரம் கழித்து என்னை அழைத்துச் சென்று காட்டினார். வெண்பட்டை தோன்றிய 11 குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. “நூற்றுக்கணக்கில் 11தானே, ஐயா?” என்று அவர் வருந்தினார். “முன்பு ஒன்றுமில்லையே, தம்பி” என்றேன். அவர் முகம் மலர்ந்தது.