அரைகருவிப் பெயர்களும் அரைத்தல் வினைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

இந்திய அடுக்களைகளில் கல்லும் மரமும் செய்துவந்த பணியை மின்பொறிகள் ஏற்றுக்கொண்ட மாற்றம் பெரும்பாலும் 1950களுக்குப் பின் நிகழ்ந்ததாகும். கருவி மாறியபோது அதன் பெயரும் மாறியது. அம்மி, ஆட்டுக்கல், உரல், திரிகை ஆகியவற்றின் இடத்தில் மிக்ஸி, கிரைண்டர் என்னும் ஆங்கிலவழிச் சொற்கள் ஏறத்தாழ எல்லா இந்திய மொழிகளிலும் இடம்பெற்றன. ஆயின் அக்கருவிகளைக்கொண்டு செய்யும் தொழிலைக் குறிக்கும் வினைகள் அவ்வாறு கடன்பெறப்படவில்லை. பெயர் மறைந்தும் வினை நிலைத்தும் நிற்கும் இந்நிலையின் வரலாற்றை ஆராய்வதும், அகராதியியலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் அதனால் விளையும் சிக்கல்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கருவிகளும் இயக்கங்களும்

மொகஞ்சதாரோ அகழாய்வில் நடுவே குழிவாகத் தேய்ந்த அரைகற்கள் மிகுதியாகக் கிடைத்தன. எர்னஸ்ட் மக்கே 1938இல் வெளியிட்ட அறிக்கையில் இவை இடம்பெற்றுள்ளன. அடிக்கல் நிலைத்திருக்க, மேற்கல்லை இரு கையாலும் முன்னும் பின்னும் இழுத்துத் தேய்ப்பதே இவற்றின் செயல்முறை. இன்றைய அம்மியின் இயக்கமும் இதுவே. மேற்கல் சுழலும் திரிகை இதற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. இருக்கு வேதத்தின் முதல் மண்டிலத்து 28ஆம் பாடல் உரலையும் உலக்கையையும் விளித்துப் பாடுவது. சடங்கிலும் இல்லத்திலும் உரலுக்கு இருந்த இடத்தை அது காட்டுகிறது.

இயக்க அடிப்படையில் தமிழர் இல்லங்களின் அரைகருவிகளை நான்காகப் பகுக்கலாம். அம்மியில் குழவி முன்பின்னாக நகரும். அதற்குரிய வினை அரைத்தல். ஆட்டுக்கல்லில் குழியினுள் குழவி சுழலும். அதற்குரிய வினை ஆட்டுதல். உரலில் உலக்கை மேலும் கீழுமாக இயங்கும். அதற்குரியவை இடித்தலும் குத்துதலும். இவற்றுள் நெல்லைக் குத்துவர். மாவையும் மிளகாயையும் இடிப்பர். திரிகையில் கீழ்க்கல் நிற்க மேற்கல் சுழலும். அதற்குரிய வினை திரித்தல். எனவே இவ்வினைகள் பொருளைச் சிறிதாக்கும் விளைவை மட்டும் குறிப்பன அல்ல. கை இயங்கும் முறையையும் உடன் குறிப்பனவாகும். செக்கில் எண்ணெய் எடுத்தலையும் ஆட்டுதல் என்றே வழங்குவது இதற்குத் தக்க சான்று. நிலையாக நிற்கும் உரலுக்குள் உலக்கை சுழல்வதால் செக்கின் இயக்கமும் ஆட்டுக்கல்லின் இயக்கமும் ஒன்றே. பெறப்படும் பொருள் வேறாயினும் இயக்கம் ஒத்திருத்தலின் வினையும் ஒத்தது.

3. இனமொழிச் சான்றுகள்

பர்ரோ, எமனோ ஆகியோர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருந்திய பதிப்பு 1984) இச்சொற்களின் தொன்மையை அறியத் துணைபுரிகிறது. தமிழ், மலையாள உரல், கன்னட ஒரளு, தெலுங்கு ரோலு ஆகியவை ஓரினச் சொற்கள். தெலுங்கு வடிவம் ஒலியிடமாற்றத்தால் அமைந்தது. முதலுயிர் இடம்பெயர, ரகரம் சொல்லின் முதலில் நிற்கலாயிற்று.

வினைகளின் பாகுபாடும் இனமொழிகளில் காணப்படுகிறது. தெலுங்கில் தட்டைக்கல்லில் அரைப்பது நூரு. குழிக்கல்லில் ஆட்டுவது ருப்பு (இடையில் ஒலிப்புடை இதழொலி இரட்டித்து வரும்). திரிகையில் திரிப்பது விசுரு. உரலில் இடிப்பது தஞ்சு. ஆட்டுக்கல்லை ருப்புரோலு என்றும், திரிகையைத் திரகலி அல்லது விசுர்ராயி என்றும் வழங்குவர். கன்னடத்தில் திரிகை பீசுவ கல்லு எனப்படும். விசுரு, பீசு ஆகிய இரண்டும் தமிழ் வீசு என்பதனோடு இனமானவை. கையை வீசிச் சுழற்றும் இயக்கமே இங்குப் பெயருக்கு அடிப்படையாயிற்று. தமிழ் கல்லின் சுழற்சியை நோக்கிப் பெயரிட, கன்னடமும் தெலுங்கும் கையின் வீச்சை நோக்கின.

மேற்கல்லின் பெயரும் நோக்கத்தக்கது. தமிழில் குழவி என்பது இளமைப் பெயர். தொல்காப்பிய மரபியல் இதனை இளமைப் பெயர்களுள் வைத்து எண்ணுகிறது. மலையாளத்தில் இக்கல்லை அம்மிக்குட்டி என்பர். பெரிய கல்லோடு சேர்ந்து இயங்கும் சிறிய கல்லை அதன் குழந்தையாகக் காணும் மனப்பாங்கு இரு மொழிகளிலும் வெவ்வேறு சொற்களால் வெளிப்பட்டுள்ளது.

4. பொறிப்பெயர்களின் வருகை

வீட்டுக்கருவிக்குப் பிறமொழிப் பெயர் வழங்குதல் புதிதன்று. வடமொழி யந்திரம் என்பதன் வழிவந்த எந்திரம், சங்கப் பாடல்களில் கரும்பு பிழியும் பொறியைக் குறித்தது. பின்னர் அதுவே ஏந்திரம் என்னும் வடிவில் சில வட்டாரங்களில் கைத்திரிகையின் பெயராயிற்று. பொதுவாகப் பொறியைக் குறித்த கடன்சொல் ஓர் அடுக்களைக் கருவிக்கு உரியதாகக் குறுகியது. இருபதாம் நூற்றாண்டில் கிரைண்டர் என்னும் சொல்லுக்கு நேர்ந்ததும் இதுவே. ஆங்கிலத்தில் அரைக்கும் கருவி எதற்கும் பொதுவான அச்சொல், தமிழ்ப் பேச்சில் இட்டலி, தோசை மாவு ஆட்டும் மின்னாட்டுக்கல்லை மட்டும் சுட்டுகிறது.

இப்பொறி 1955இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதியால் உருவாக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. கோயம்புத்தூர் கிரைண்டர் பின்னர் புவிசார் குறியீடும் பெற்றது. மிளகாய், தேங்காய் முதலியவற்றை அரைக்கும் மின்பொறி 1960களில் இந்தியாவில் செய்யப்படலாயிற்று. அதன் பெயரான மிக்ஸி, மிக்ஸர் என்பதன் குறுக்கம். இந்திய வழக்கில் வேரூன்றிய சொல். தமிழில் மிக்சர் என்பது ஒரு காரத் தின்பண்டத்தின் பெயராக இருத்தலின், குறுகிய வடிவம் பொருள்மயக்கத்தைத் தவிர்க்கவும் உதவுகிறது.

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் இவ்வகையில் ஒரு நல்ல மொழிச்சான்று. அத்திட்டத்தில் வழங்கப்பட்டவை விலையில்லா மின்விசிறி, மிக்ஸி, கிரைண்டர். இலவசம் என்னும் சொல்லை நீக்கி விலையில்லா என்னும் ஆக்கத்தைக் கொண்ட அதே தொடர், ஃபேன் என்பதை விடுத்து மின்விசிறியை ஏற்ற அதே தொடர், ஏனைய இரண்டையும் கடன்சொல்லாகவே வைத்துக்கொண்டது. விசிறி முன்பே இருந்த கருவிப்பெயர். மின் என்னும் அடை சேர்ந்ததும் புதுப்பொருள் தெளிவாயிற்று. மின்னம்மி, மின்னாட்டுக்கல் என்பனவும் அவ்வாறே அமையக் கூடியவையாயினும் பெருவழக்குப் பெறவில்லை. மிக்ஸியில் தட்டைக்கல்லும் இல்லை, குழவியும் இல்லை. விரைந்து சுழலும் எஃகு அலகே உண்டு. உருவ ஒப்புமை அற்றவிடத்துப் பழம்பெயர் தொடர்வது அரிது எனலாம்.

5. வினைகளின் நிலைபேறு

பெயரைப் போலன்றி வினைகள் தம் இடத்தை விடவில்லை. கிரைண்டரில் பொதுவாகக் கல்பதித்த பாத்திரமே சுழல்கிறது. அரைக்கும் கற்கள் ஒரு தண்டினால் பிடித்து நிறுத்தப்படுகின்றன. பழைய ஆட்டுக்கல்லின் இயக்கம் இங்குத் தலைகீழாயிற்று. ஆயினும் கிரைண்டரில் மாவு ஆட்டுதல் என்பதே பலரின் வழக்கு. அரைத்தல் என்பாரும் உளர். மிக்ஸியின் அலகு தேய்ப்பதில்லை, வெட்டுகிறது. எனினும் மிக்ஸியில் சட்டினி அரைத்தல் என்கிறோம். மாவு மில்லில் மிளகாயைக் கொடுத்துத் திரித்து வருதல் தென்மாவட்டப் பேச்சில் இயல்பானது.

இங்கு ஒரு பொருண்மை மாற்றம் நிகழ்ந்துள்ளது. இயக்க முறையைக் குறித்த வினைகள் விளைவைக் குறிப்பனவாக மாறியுள்ளன. அரைத்தல் என்பது விழுதாக்குதல், ஆட்டுதல் என்பது மாவாகப் பொங்கச் செய்தல், திரித்தல் என்பது உலர்பொடியாக்குதல் என்னும் பொருட்கூறுகள் முன்னிற்கின்றன. இவற்றோடு மிக்ஸியில் அடித்தல், ஒரு சுற்றுச் சுற்றுதல் என்னும் புதிய வழக்குகளும் சேர்ந்தன. இரண்டு சுற்று என்பது கால அளவாகவும் நொய்ம்மையின் அளவாகவும் ஒருங்கே பயில்கிறது. 1959இல் இந்தியாவில் ஹாக்கின்ஸ் நிறுவனம் தோன்றிய காலந்தொட்டுப் பரவிய அழுத்தச் சமைகலமும் இத்தகைய அளவுச் சொல்லைத் தந்தது. மூன்று விசில் என்பது சமையற்குறிப்புகளில் கால அளவாக நிலைபெற்றுவிட்டது.

6. மொழிபெயர்ப்பில் நேரும் இழப்பு

இந்திய மொழி இலக்கியங்கள் பல, ஆங்கிலம் அல்லது இந்தி வழியாகவே தமிழுக்கு வருகின்றன. இந்தியில் சில்-பட்டாவில் அரைப்பதும் சக்கியில் திரிப்பதும் பீஸ்னா என்னும் ஒரே வினையால் சுட்டப்படும்; இடித்தலுக்குக் கூட்னாவும், பருப்பு உடைத்தலுக்குத் தல்னாவும் உண்டு. தெலுங்குக் கதையில் ருப்பு என வருவது இந்தி வழியாகத் தமிழை அடையும்போது அரைத்தல் ஆகிவிடும். தமிழிலேயே உள்ள ஆட்டுதல் என்னும் நேர்ச்சொல் பயன்படாமற் போகும். மூலத்திற்கும் பெறுமொழிக்கும் பொதுவாக உள்ள பாகுபாடு இடைமொழியால் அழிகிறது.

மராத்தியின் ஓவிப் பாடல்கள் இதனினும் கூர்மையான எடுத்துக்காட்டு. விடியற்காலையில் ஜாத்தே எனப்படும் திரிகையின் முன் அமர்ந்து பெண்கள் பாடியவை இவை. ஏமா ராய்ர்கரும் கீ புவாட்வேனும் உடனுழைப்பாளர்களுடன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்களைத் திரட்டினர். 2017 முதல் அவை ஒலிப்பதிவுகளோடு இணையத்தில் வெளியிடப்பட்டு வருகின்றன. ஜாத்தே என்பதை அம்மி எனப் பெயர்த்தால், இரு பெண்கள் எதிரெதிர் அமர்ந்து ஒரே பிடியைச் சுற்றும் காட்சி மறையும். வட்டமாகச் சுழன்று மீளும் பாட்டின் நடைக்கும் காரணம் புலப்படாது. திரிகை என்பதே உரிய சொல். தமிழில் உலக்கைப் பாட்டு வள்ளை எனப்படும். சிலப்பதிகார வாழ்த்துக்காதையில் இதனைக் காணலாம். ஓவியை வள்ளையோடு ஒப்பிடலாமேயன்றி வள்ளை என்றே பெயர்த்தல் பொருந்தாது. ஒன்று சுழற்சிக்கு இசைந்தது, மற்றொன்று ஏறியிறங்கும் இடிக்கு இசைந்தது.

7. அகராதியியற் கடமை

கருவி வழக்கிழந்தபோது அதனைச் சார்ந்த தொழிற்சொற்களே முதலில் மறைகின்றன. தேய்ந்த அம்மியை உளியால் மீண்டும் சொரசொரப்பாக்குதல் கொத்துதல், பொளிதல் எனப்பட்டது. தெருவில் கூவிச் சென்ற அம்மி கொத்துவோர் அருகியதால், பொளிதல் என்னும் சொல்லை இப்பொருளில் அறிந்தவர் முதியோரே. அம்மி என்னும் பெயரோ திருமணச் சடங்காலும் பழமொழியாலும் காக்கப்படுகிறது. அம்மி அரைப்பைக் கண்டிராத மணமகளும் அம்மி மிதிக்கிறாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதை எவரும் அறிவர். சடங்கும் பழமொழியும் பெயர்ச்சொல்லைக் காக்கும். தொழில்நுட்ப வினையைக் காப்பதில்லை.

தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962இல் வேளாண்மைத் தொகுதியுடன் தொடங்கிய வட்டாரத் தொழிற்சொல் அகராதியும், தமிழில் கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் இத்துறைக்கு வழிகாட்டிகள். அடுக்களைச் சொற்களைத் தொகுப்போர் கருவிப் பெயரோடு நின்றுவிடாமல் நான்கு செய்திகளை ஒருங்கே பதிதல் வேண்டும்: கருவியின் உறுப்புகள், இயங்கும் முறை, அதில் இடப்படும் பொருள், அதற்குரிய வினை. அரைக்கப் பயன்படும் கல் என்னும் அளவில் அமையும் பொருள்விளக்கம் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் திரிகைக்கும் ஒருசேரப் பொருந்தும். ஆதலின் எதனையும் விளக்காது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். அரைகருவிகளின் பெயர்கள் கருவியின் உருவத்தோடு பிணைந்தவை. உருவம் மாறியதும் கடன்சொல்லுக்கு இடந்தந்தன. வினைகள் இயக்கத்திலிருந்து விளைவுக்குப் பொருள் பெயர்ந்து நிலைத்தன. மொழிபெயர்ப்பாளர் பெயருக்கு நிகர் தேடுவதினும் வினைக்கு நிகர் தேடுதலே மூலத்தின் கையசைவைத் தமிழில் காட்ட வல்லது. அவ்வினைகளின் பழம்பொருளைக் கையால் அறிந்த தலைமுறை இருக்கும்போதே அவை கள ஆய்வால் தொகுக்கப்படுதல் இன்றியமையாதது.