பரதேசிப் பள்ளியில் ஒரு வழக்கறிஞர்

புதுச்சேரியின் காலணி வழக்கை அறியாத இலக்கிய வாசகர் குறைவு. 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்தார், தண்டிக்கப்பட்டார், பாரீசு வரை வழக்காடி வென்றார். கதிர்காமத்தில் கூடி நூல்களைப் பேசும் நாம் இக்கதையைப் பலமுறை அசைபோட்டிருக்கிறோம். அவருக்குப் பிந்திய காலத்தில், கொச்சியில் இன்னொரு வழக்கறிஞர் நடத்திய போராட்டமோ தமிழில் அதிகம் பேசப்படுவதில்லை.

அவர் ஆபிரகாம் பராக் சாலெம் (1882–1967). நம் சேலம் நகருக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. இவர் கொச்சி யூதர். எறணாகுளம் மகாராஜா கல்லூரியிலும் பின்னர் சென்னையிலும் பயின்று வழக்கறிஞரானார். ஆயினும் தம் சொந்தத் தொழுகையிடத்தில் அவருக்குச் சம இருக்கை கிடையாது.

கேரள யூதரின் பழம்பெருமைக்குச் சான்று, ஏறத்தாழக் கி.பி. 1000இல் பாஸ்கர ரவி என்னும் சேர மன்னன் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அதில் வரும் ‘அஞ்சுவண்ணம்’ என்ற சொல் தமிழாய்வாளர்க்கும் பழக்கமானதே. ஸ்பெயினிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பின்னர் வந்தவர்கள் 1568இல் மட்டாஞ்சேரியில் எழுப்பியதே பரதேசி யூதப்பள்ளி. (இங்கே ‘பரதேசி’ என்பது வசையன்று, அயல்நாட்டிலிருந்து வந்தவர் என்றே பொருள்.) பிற்கால வழக்கில் வந்தேறியவர் ‘வெள்ளை யூதர்’ ஆயினர், முன்பே இருந்த மலபார் யூதர் ‘கறுப்பு யூதர்’ ஆயினர். இவ்விரு சாராரையன்றி, பரதேசிப் பள்ளியைச் சார்ந்தே வாழ்ந்த மூன்றாம் பிரிவு ஒன்றும் உண்டு. அடிமைநிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் வழிவந்தோர் எனக் கருதப்பட்டு, எபிரேயத்தில் ‘மெஷுஹ்ராரிம்’ எனப்பட்டவர்கள். சாலெம் பிறந்தது இப்பிரிவில்.

உள்ளே இருக்கைகளில் அமர அவர்களுக்கு உரிமையில்லை. திருமறைச் சுருளை வாசிக்கும் உரிமையிலும், இறந்தபின் இடுகாட்டிலும்கூட வேற்றுமை. வெள்ளை யூதரோடு மணவுறவு என்ற பேச்சுக்கே இடமில்லை. இதில் நம்மை உறுத்துவது ஒன்று: யூத மறைச்சட்டம் இதைக் கேட்கவில்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே எகிப்தில் வாழ்ந்த மறையறிஞர் தாவீது இப்னு ஸிம்ரா, உரிய சடங்கு நீராட்டுக்குப்பின் இத்தகையோரோடு மணம் கொள்ளலாம் என்று தீர்ப்பெழுதிவிட்டார். தீர்ப்பு ஏட்டில் கிடந்தது. ஊர் வழக்கமே வென்றது. சாதியின் நிலத்தில் வந்து குடியேறியவர்கள் சாதியையும் கற்றுக்கொண்டார்கள் என்றே கொள்ளவேண்டியிருக்கிறது.

1929இல் லாகூர் காங்கிரசில் கலந்துகொண்ட சாலெம், கொச்சி சட்டமன்றத்தில் 1925–31இலும் 1939–45இலும் உறுப்பினராக இருந்தார். அருகிலிருந்த வைக்கத்தில் 1924–25இல் தீண்டாமைக்கு எதிராக நடந்த சத்தியாக்கிரகம் நாமறிந்ததே. பெரியார் அங்கே சிறை சென்றார். அங்கே போராடியவர்கள் கேட்டது கோயிலைச் சுற்றிய தெருவை. சாலெம் அதே சத்தியாக்கிரக முறையைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுபோனார். சில காலம் பள்ளியைப் புறக்கணித்தார். பின்னர் தம் புதல்வர்களோடு சென்று, மறுக்கப்பட்ட இடங்களில் அமர்ந்தார். அரசரிடமோ நீதிமன்றத்திடமோ அல்ல, நாள்தோறும் முகம் பார்த்துப் பழகிய அண்டை வீட்டாரிடமே அவர் உரிமை கேட்க வேண்டியிருந்தது. இதுவே கடினமான போராட்டம் என்பது நம் எண்ணம். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ‘யூத காந்தி’ என்ற பெயரும் அவருக்கு வந்தது.

இருக்கை கிடைத்தது, மணவறை கிடைக்க மேலும் காலமாயிற்று. சாலெமின் மகன் ஒருவர் வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணை மணந்தது 1950இல்தான். அதுவும் கொச்சியில் அன்று, பம்பாயில்.

அடுத்த சில ஆண்டுகளில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் செல்ல உதவிய சாலெம், தாம் போகவில்லை. 1967இல் மறையும்வரை கொச்சியிலேயே வாழ்ந்தார். யூதர் முறைப்படி பொதுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். அந்த எண்ணிக்கையை நிரப்பப் பரதேசிப் பள்ளியார் பிற்காலத்தில் வெளியூர்ப் பயணிகளையும், எறணாகுளத்தில் எஞ்சியிருந்த மலபார் யூதரையும் எதிர்பார்த்திருந்தனர்.